முகத்தைவிட மூடி அழகு: இடைக்கால ஐரோப்பாவின் கண்ணாடிகள்

உள்ளங்கை அகலத்தில் ஒரு தந்த வட்டு. அதில் ஒரு கூடாரம் செதுக்கியிருக்கிறது. திரைச்சீலையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். அவன் கால்மேல் கால் போட்டிருக்கிறான். ஒரு கை பலகையின் மேல், இன்னொரு கை கூடாரத்தின் நடுக்கம்பைப் பிடித்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஒருவன், வேட்டைக்குப் பழக்கிய வல்லூறைக் கையில் ஏந்தி நிற்கிறான். அவளுக்குப் பின்னால் நிற்கும் தோழியின் கையில் தலையில் சூடும் பூவளையம். துணியின் மடிப்பு, விரல்களின் வளைவு, முகத்தில் ஓடும் லேசான சிரிப்பு எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. 1300ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸில் செய்தது. இப்போதும் அதே ஊரில்தான், லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதன் படத்தை முதலில் பார்த்தபோது ஏதோ பதக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கீழே இருந்த குறிப்பைப் படித்த பிறகுதான் இது முகம் பார்க்கும் கண்ணாடியின் மூடி என்று புரிந்தது. அப்போது பிடித்துக்கொண்ட ஆசை இன்னும் விடவில்லை. முகம் பார்ப்பதற்கென்று ஒரு பொருளைச் செய்துவிட்டு, அதன் மூடிக்கு ஏன் இத்தனை உழைப்பு? மூடியில் இருக்கும் காட்சிக்கும் உள்ளே தெரியும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்? இதுவரை இந்தப் பக்கம் வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடைக்காலம் என்பது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. நாம் பேசப்போவது அதன் கடைசிப் பகுதியை, அதாவது 13ஆம் நூற்றாண்டிலிருந்து 1500 வரை. இடம் பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்), ஜெர்மன் நகரங்கள், இத்தாலி.

அந்தக் கண்ணாடியில் என்ன தெரிந்தது?

இதை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

நம் வீட்டுக் கண்ணாடி தட்டையானது, பெரியது, தெளிவானது. பழசாகிப் புள்ளி விழுந்தால் "ரசம் போன கண்ணாடி" என்கிறோம். அந்த ரசம் பாதரசம். பாதரசத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துக் கண்ணாடியின் முதுகில் ஏற்றும் முறையிலிருந்து வந்த பேச்சு அது. அந்த முறை பெரிய தட்டைக் கண்ணாடிகளோடு வெனிஸ் பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டில்தான் கொடிகட்டிப் பறந்தது. நாம் பேசும் காலத்து ஆட்களுக்கு அது கிடைக்கவில்லை.

அவர்களிடம் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, தேய்த்து மெருகேற்றிய உலோகம்: வெண்கலம், வெள்ளி, எஃகு. உலோகம் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அடிக்கடி துலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று துலக்கிய உலோகத்தில்கூட முகம் மங்கலாகவும், உலோகத்தின் நிறம் ஏறியும்தான் தெரியும்.

இரண்டாவது வகை கண்ணாடிதான், ஆனால் செய்த விதம் வேறு. குழாயால் ஊதிக் கண்ணாடியை ஒரு உருண்டையாக்குவார்கள். அது சூடாக இருக்கும்போதே உருக்கிய ஈயத்தை உள்ளே ஊற்றிச் சுழற்றினால், உட்சுவர் முழுக்க ஈயம் படியும். ஆறியதும் உருண்டையை வெட்டித் துண்டுபோடுவார்கள். உருண்டையின் துண்டு என்பதால் ஒவ்வொன்றும் வெளிப்புறம் புடைத்துக்கொண்டிருக்கும், அதாவது குவியாடி. எவர்சில்வர் கரண்டியின் முதுகில் முகம் பார்த்துப் பாருங்கள். மூக்கு முன்னால் வந்து நிற்கும், காது பின்னால் ஓடிவிடும், ஆனால் சமையலறை மொத்தமும் அந்தக் கரண்டிக்குள் வந்துவிடும். குவியாடியின் குணம் அது. முகத்தைக் கெடுக்கும், அறையைக் கொடுக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஓர் ஓவியத்தில் தேவைப்படும்.

அன்றைக்கு இந்த ஈயக் கண்ணாடியே உயர்ந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் எல்லா அறிவையும் ஒரே நூலில் தொகுக்க முயன்ற பிரெஞ்சுத் துறவி வின்சென்ட் டி பொவே, முகம் பார்ப்பதற்கு இருப்பதிலேயே நல்லது, கண்ணாடியும் ஈயமும் சேர்ந்ததுதான் என்று எழுதியிருக்கிறார். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் பெருங்காவியத்தின் நரகப் பகுதியில், தனக்கு வழிகாட்டியாக வரும் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலைப் பேசவைக்கும் ஓர் இடம் உண்டு. நான் ஈயம் பூசிய கண்ணாடியாக இருந்தால்கூட உன் வெளித்தோற்றத்தை இவ்வளவு சீக்கிரம் வாங்கியிருக்க மாட்டேன், உன் உள்ளத்தை அதைவிட வேகமாக வாங்கிக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். பக்கத்தில் நிற்பவனின் மனதை வாசிப்பதற்கு உவமை தேடும்போது, அந்தக் காலத்துப் புதுப்பொருள் ஒன்று கவிஞனின் கைக்குத் தானாக வந்திருக்கிறது. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் 1373 வாக்கிலேயே கண்ணாடி செய்வோர் தனிச் சங்கமாக இருந்தார்கள். அங்கிருந்து இந்தச் சின்னக் குவியாடிகள் பல ஊர்களுக்கும் போயின.

இத்தனை செய்தும் தெரிந்தது அரைகுறை முகம்தான். இந்த மங்கல்தான் விஷயமே. விவிலியத்தில், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரி வரும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்று இருக்கிறது. நிழலாட்டமாய் என்ற சொல்லை அங்கே வைத்தவர் யாரோ, அவருக்குப் பழைய உலோகக் கண்ணாடி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தெள்ளத்தெளிவான கண்ணாடி பார்த்தே வளர்ந்த நமக்கு இந்த வரி கொஞ்சம் விசித்திரம். கண்ணாடியில் ஏன் நிழலாட வேண்டும்? மங்கிய வெண்கலத்தில் தன் முகத்தைத் தேடியவர்களுக்கு அதில் விசித்திரம் ஒன்றுமில்லை.

இடைக்காலக் கிறிஸ்தவச் சிந்தனை இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனது. உலகில் நாம் காண்பதெல்லாம் கடவுளின் கண்ணாடி நிழல், நேர்முகம் பின்னால் வரும் என்று பிரசங்கம் செய்தார்கள். அறிவைத் தொகுத்த நூலுக்கும், அரசனுக்குப் புத்தி சொன்ன நூலுக்கும், பக்தி நூலுக்கும் லத்தீனில் "கண்ணாடி" என்றே பெயர் வைத்தார்கள். மேலே சொன்ன வின்சென்டின் தொகுப்புக்குப் பெயரே "பெரிய கண்ணாடி". ஆக, ஒருத்தி இடுப்பில் தொங்கவிட்டிருந்த கண்ணாடியைக் கையில் எடுக்கும்போது, அவள் முகத்துக்கு முன்னாலேயே இந்த அர்த்தங்கள் எல்லாம் அதில் வந்து உட்கார்ந்திருந்தன.

தந்தச் சிமிழ்

இப்போது பாரிஸுக்குத் திரும்பலாம்.

13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆப்பிரிக்க யானைத் தந்தம் வட ஐரோப்பாவுக்கு முன்பைவிட அதிகமாக வந்தது. பாரிஸ் அதன் பட்டறையாக மாறியது. 1268 வாக்கில் எத்தியேன் புவாலோ என்ற நகர அதிகாரி, பாரிஸின் தொழிற்சங்க விதிகளையெல்லாம் எழுத்தில் தொகுத்தார். தந்தத்தில் கைவைக்க உரிமை பெற்ற தொழில்கள் ஒன்றிரண்டு அல்ல என்று அதிலிருந்து தெரிகிறது. சீப்பு, தலை வகிடு எடுக்கும் கூர்ங்கோல், கண்ணாடி, மூன்றையும் ஒரு தோல் உறையில் போட்டு ஒரே செட்டாக விற்பதும் வழக்கமாக இருந்தது. பணக்கார வீட்டுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அது அருமையான பரிசு.

கண்ணாடிச் சிமிழ் என்றால் இரண்டு தந்த வட்டுகள். வெளிப்பக்கம் சிற்பம், உள்பக்கம் வட்டமாகக் குடைந்த குழி. குழிக்குள் மெருகேற்றிய உலோகத் தகடு உட்காரும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் திருகினால் மூடிக்கொள்ளும். யானைத் தந்தத்தின் பருமன்தான் அளவுக்கு எல்லை என்பதால் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போவது அபூர்வம். வட்டத்தின் நான்கு மூலைகளிலும் பதுங்கிய விலங்குகளோ சுருண்ட இலைகளோ இருக்கும். வட்டம் அவற்றால் சதுரம்போல ஆகிவிடும், பிடித்துத் திருகவும் வாகாக இருந்திருக்கும். அந்த விலங்குகளை நான் எப்போதும் தனியாக நின்று பார்ப்பேன். நடுவில் நடக்கும் காதல் எல்லாம் மெல்லிய விரலும் நீண்ட அங்கியுமாக இருக்க, ஓரத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். யாளி செதுக்கிய கைகளைத் தெரிந்த நமக்கு அந்த ஓரத்துச் சுதந்திரம் உடனே பிடிபடும்.

வெளியே செதுக்கிய காட்சிகள் பெரும்பாலும் காதல் காட்சிகள். தேவாலயத்துக்குச் சிலை செய்த அதே ஊரில், அதே தந்தத்தில், முகம் பார்க்கும் பொருளுக்கு என்று வந்தால் காதல். அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது "காதல் கோட்டை முற்றுகை". கோட்டைச் சுவரின் மேல் பெண்கள் நிற்கிறார்கள். கீழே குதிரைவீரர்கள் கவசம் போட்டுக்கொண்டு தாக்க வருகிறார்கள். பெண்கள் மேலிருந்து எறிவது ரோஜாப் பூ. சில வட்டுகளில் உச்சியில் சிறகு வைத்த காதல் தேவன் அம்போடு நிற்கிறான். சிலவற்றில் ஒரு வீரன் ஏற்கெனவே ஏறிவிட்டான், மேலே ஒருத்தி அவனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் போரில் கோட்டை விழத்தான் போகிறது, உள்ளே இருப்பவர்களுக்கும் அது தெரியும்.

இது வெறும் கற்பனை இல்லை. 1214இல் இத்தாலியின் திரெவீசோ ஊரில் நிஜமாகவே இப்படி ஒரு விளையாட்டுக் கோட்டை கட்டினார்கள். விலையுயர்ந்த துணியும் மென்மயிர்த் தோலும் சுவராக, பெண்கள் உள்ளே, பல ஊர் இளைஞர்கள் வெளியே. ஆயுதம் ஆப்பிள், பேரீச்சை, ஜாதிக்காய், பூக்கள், வாசனைத் தண்ணீர். அப்புறம் வெனிஸ் ஆட்களுக்கும் பதுவா ஆட்களுக்கும் கோட்டை வாசலில் தகராறு முற்றி, கொடி கிழிந்து, கடைசியில் இரண்டு ஊருக்கும் நிஜப் போராகவே போய்விட்டது. பூ எறிந்து தொடங்கிய சண்டை!

இன்னொரு காட்சி. ஆண் மண்டியிட்டு இரண்டு கைகளையும் கூப்பியிருக்கிறான், பெண் அவன் தலையில் பூவளையம் வைக்கிறாள். நமக்கு அது வணக்கம்போலத் தெரியும். அன்று ஒரு குறுநிலத்தவன் தன் பிரபுவுக்கு விசுவாசம் சொல்லும் சடங்கிலும் இதே நிலைதான்: மண்டியிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைப்பான். ஜெபத்திலும் இதே கைகள்தான். ஒரே சைகைக்குள் மூன்றும் இருக்கின்றன: அவளை அவன் எஜமானியாக ஏற்கிறான், ஏறக்குறையத் தெய்வமாக வணங்குகிறான், அவளிடம் வரம் கேட்கிறான். குறியீடு என்று நாம் சொல்வது இதைத்தான். அகராதிபோல ஒரு பொருளுக்கு ஓர் அர்த்தம் என்று அது வேலை செய்வதில்லை. பார்ப்பவர்கள் தங்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே பார்த்த சைகையைத் தொட்டு எழுப்பிவிடும், அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு முதலில் பார்த்த சதுரங்கத்துக்கு வாருங்கள். ஆணும் பெண்ணும் நெருக்கமாக, மணிக்கணக்கில், மரியாதை குறையாமல் உட்கார ஒரு நல்ல சாக்கு சதுரங்கம். முன்னேறுவது, பின்வாங்குவது, சிக்கவைப்பது என்று ஆட்டத்தின் பேச்சு எல்லாமே காதலுக்கும் பொருந்தும். பின்னால் நிற்கும் வல்லூறு வேட்டையைச் சொல்கிறது. தோழி கையில் பூவளையம் தயார். அவன் பிடித்திருக்கும் கம்பையும் விலகிய திரையையும் காமக் குறிப்பாகவே கலை வரலாற்றுக்காரர்கள் பலர் படிக்கிறார்கள். அது மிகைப்படுத்தல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கம்பு காட்சியை நட்டநடுவில் பிளந்துகொண்டு நிற்கிறது. செதுக்கியவனுக்கு அது வேண்டாம் என்றால் ஓரமாக வைத்திருக்கலாம்.

இப்போது சிமிழின் சொந்தக்காரியாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டில் தொங்கும் சிமிழை எடுக்கிறீர்கள். கையில் முதலில் படுவது அந்தக் காதலர்கள். விரலுக்கு அவர்களின் தலையும் தோளும் தெரிகின்றன, ஏனென்றால் இது தொட்டு உணரும் சிற்பம். திருகித் திறக்கிறீர்கள். உள்ளே அதே அளவு வட்டம், அதே சட்டம், அதில் உங்கள் முகம், மங்கலாக. ஒரு நொடிக்கு முன் காதல் கதையின் நாயகி இருந்த வட்டத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். மூடியின் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். உள்ளே வரப்போகும் முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. முகம் தெளிவாகத் தெரியாத கண்ணாடிக்கு அந்த முன்னுரை ரொம்பவே அவசியம்.

இதெல்லாம் பணம் படைத்தவர்களின் கதை. சாதாரண மக்களுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த மலிவான சின்ன மூடிகள் இருந்தன, லண்டன் மண்ணைத் தோண்டும்போது கிடைத்திருக்கின்றன. அதுவும் இல்லாதவர்களுக்குத் தொட்டித் தண்ணீர்.

கண்ணாடிக்குள் யார்?

மூடியிலிருந்து கொஞ்சம் விலகி, ஓவியத்திலும் சிற்பத்திலும் கண்ணாடி யார் கையில் வருகிறது என்று பார்த்தால் முதலில் தலை சுற்றும். அவ்வளவு முரண்.

பிரான்ஸின் ஆஞ்சே நகரக் கோட்டையில் 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், முதலாம் லூயி என்ற பிரபுவுக்காக நெய்த மிகப் பெரிய திரைச்சீலைத் தொடர் ஒன்று இருக்கிறது. விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் முழுவதும் நூலிழையில். அதில் பாபிலோனின் மகா வேசி தண்ணீரின் மேல் உட்கார்ந்து தலை சீவுகிறாள், கையில் கண்ணாடி. இங்கிலாந்தின் கோர்ன்வாலில் ஸென்னர் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஒரு பழைய மர இருக்கையின் பக்கவாட்டில் கடற்கன்னி ஒருத்தியைச் செதுக்கியிருக்கிறார்கள். அவள் கையிலும் சீப்பும் கண்ணாடியும். அன்றைய பிரெஞ்சுக் காதல் காவியமான "ரோஜாவின் கதை"யில் தோட்டத்தின் கதவைத் திறந்துவிடும் பெண்ணின் பெயர் சோம்பல். அவளும் கண்ணாடியோடுதான் வருகிறாள். ஆக, கண்ணாடி என்றால் தற்பெருமை, காமம், வேலை இல்லாத பொழுது.

அதே காலம், அதே மக்கள், கன்னி மரியாளையும் கண்ணாடி என்றார்கள். விவிலியத்தின் சாலமோனின் ஞான நூல், ஞானத்தைக் கறைபடியாத கண்ணாடி என்று சொல்கிறது. அதை எடுத்து மரியாளுக்குச் சூட்டினார்கள். ஒளி வந்து விழுகிறது, உருவம் முழுதாகத் தெரிகிறது, கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை, கறை இல்லை. கடவுளை ஏற்றுக்கொண்டும் கன்னியாக இருந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை முடிந்ததும் சொல்லும் மாதா மன்றாட்டில் மரியாளைக் கண்ணாடியே என்று அழைக்கும் இடம் இன்றும் இருக்கிறது. அன்றாடம் சொல்லும்போது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. அந்த வரியின் வேர் இந்தக் காலத்தில் இருக்கிறது.

இன்னொருத்தியும் உண்டு. இத்தாலியின் பதுவாவில் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் 1305 வாக்கில் ஜோத்தோ என்ற ஓவியர் சுவர் முழுக்க வரைந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் நற்குணங்களையும் தீக்குணங்களையும் கல்லில் செதுக்கியதுபோலச் சாம்பல் நிறத்தில் தீட்டியிருக்கிறார். அவர்களில் விவேகம் ஒரு மேசையின் முன் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் கவராயம், மறு கையில் கண்ணாடி. அவள் தலையின் பின்புறம் ஒரு முதியவரின் முகம். முன்னும் பார்க்கிறாள், பின்னும் பார்க்கிறாள். பாபிலோன் வேசிக்குக் கொடுத்த அதே பொருளை விவேகத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

எப்படிப் பிரித்தறிவது? எனக்கு உதவும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன்: கண்ணாடிக்குள் யார் இருக்கிறார்கள்? தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்றால் பெரும்பாலும் எச்சரிக்கை. வேறு ஒன்று அதில் வந்து விழுகிறது என்றால், அது ஒளியோ, கடவுளோ, முதுகுக்குப் பின்னால் இருப்பதோ, பெரும்பாலும் அது நல்ல கண்ணாடி. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. விவேகத்தின் கண்ணாடியைத் தன்னையே ஆராய்ந்து பார்ப்பது என்றும் படித்திருக்கிறார்கள். ஆனாலும் ஆரம்பிக்க இது நல்ல இடம்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பாரிஸின் குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கும் "சீமாட்டியும் ஒற்றைக்கொம்பனும்" திரைச்சீலைகளைப் பாருங்கள். 1500 வாக்கில் நெய்தவை, மொத்தம் ஆறு. ஐந்து ஐம்புலன்கள், ஆறாவது இன்றும் விவாதத்தில். சிவப்புப் பின்னணி முழுக்கப் பூவும் முயலும் சிதறிக் கிடக்கின்றன. பார்வையைக் குறிக்கும் திரையில் சீமாட்டி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒற்றைக்கொம்பன் முன்னங்கால்களை அவள் மடியில் வைத்திருக்கிறது. அவள் கையில் பிடியோடு கூடிய அலங்காரக் கண்ணாடி. அதை அவள் தன் பக்கம் திருப்பவில்லை. ஒற்றைக்கொம்பன் பக்கம் காட்டுகிறாள், அதன் முகமும் கொம்பும்தான் கண்ணாடிக்குள் தெரிகின்றன. கன்னிப் பெண்ணைத் தவிர யாரிடமும் சிக்காத மிருகம் ஒற்றைக்கொம்பன் என்பது அன்றைய நம்பிக்கை. யாரிடமும் சிக்காத ஒன்று இங்கே இரண்டு முறை அகப்படுகிறது, மடியில் ஒரு முறை, கண்ணாடியில் ஒரு முறை. அவள் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. கொஞ்சம் சோகமாகக்கூட இருக்கிறாள். அந்த ஒரு திரையை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஒளியைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்

கண்ணாடிக்குள் ஒன்று "வந்து விழுகிறது" என்று சொல்கிறேனே, அது எனக்குப் பிடித்த சொல்லாடல் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் நிஜமாகவே அப்படி நம்பினார்கள். அரபு அறிஞர் இப்னு அல் ஹைத்தமின் ஒளியியல் நூல் லத்தீனுக்குப் போன பிறகு, பார்வையைப் பற்றிய பேச்சு ஐரோப்பாவில் சூடுபிடித்தது. ஒவ்வொரு பொருளும் தன் சாயலை எல்லாத் திசையிலும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அது கண்ணில் வந்து படுவதுதான் பார்வை என்று ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேகன் போன்றவர்கள் எழுதினார்கள். அப்படியென்றால் பார்ப்பதும் ஒருவகைத் தொடுகை.

ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் இதன் விளைவைப் பார்க்கலாம். அங்குள்ள பேராலயத்தில் மரியாளின் அங்கி, குழந்தை இயேசுவைச் சுற்றிய துணி, சிலுவையில் அவர் இடுப்பில் கட்டியிருந்த துணி, யோவான் ஸ்நானகரின் தலை வெட்டுண்டபோது பயன்பட்ட துணி என்று நான்கு புனிதப் பொருள்களைப் போற்றி வந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மக்களுக்குக் காட்டுவார்கள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், கிட்டே போய்த் தொட வழியே இல்லை. கோபுர மாடத்திலிருந்து விரித்துக் காட்டுவார்கள், கீழே நிற்பவர்கள் சின்னக் கண்ணாடிகளை உயரத் தூக்கிப் பிடிப்பார்கள். புனிதத் துணியிலிருந்து வரும் ஒளி அந்தக் கண்ணாடியில் விழுந்தால், அருளும் அதில் தங்கிவிடும். பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய், வரமுடியாமல் படுத்துக் கிடக்கும் உறவினருக்குக் காட்டலாம். ஈயக் கலவையில் வார்த்த அலங்காரச் சட்டத்தில் பதித்த கண்ணாடிகள் இதற்கென்றே விற்றன.

விற்க முயன்றவர்களில் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐரோப்பாவுக்கு அச்சுக்கலையைக் கொடுத்த யோகன்னஸ் குட்டன்பெர்க். ஸ்ட்ராஸ்பூரில் இருந்தபோது சில கூட்டாளிகளோடு சேர்ந்து, 1439இல் வரவேண்டிய ஆகன் யாத்திரைக்காகக் கண்ணாடிகள் செய்தார். யாத்திரை 1440க்குத் தள்ளிப்போனது. போட்ட பணம் முடங்கியது. இதற்கிடையில் கூட்டாளிகளில் ஒருவரான அந்திரேயாஸ் திரிட்ஸேன் இறந்துபோக, அவருடைய சகோதரர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த 1439 வழக்கின் சாட்சியங்கள் வழியாகத்தான் இந்தக் கண்ணாடி வியாபாரமே நமக்குத் தெரியவந்திருக்கிறது. உலோகத்தை உருக்கி ஒரே அச்சில் பல பிரதிகள் வார்ப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. எழுத்துகளை வார்த்த கை அதற்கு முன் கண்ணாடிச் சட்டம் வார்த்துப் பழகியிருந்தது என்பதை நினைக்கும்போது மனசு நிறைகிறது.

யான் வான் ஐக்கின் சுவரில்

கரண்டி முதுகை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதற்கான இடம் வந்துவிட்டது.

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் 1434இல் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் யான் வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியம் இருக்கிறது. கணவனும் மனைவியும் கைபிடித்து ஓர் அறையில் நிற்கிறார்கள், காலடியில் ஒரு குட்டி நாய். ஓவியம் மொத்தமும் 82 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம்தான். இருவரின் கைகளுக்கும் நேர் மேலே, பின்சுவரில் ஒரு குவியாடி தொங்குகிறது.

கிட்டே போங்கள். கண்ணாடிக்குள் தம்பதியின் முதுகு தெரிகிறது. ஜன்னல், கட்டில், உத்தரம் எல்லாம் வளைந்து உள்ளே வந்துவிட்டன. அப்புறம், இருவருக்கும் நடுவில், திறந்த வாசலில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். அறைக்குள் நாம் பார்க்காத இரண்டு பேர். அவர்கள் நிற்கும் இடம் ஓவியத்துக்கு முன்னால், அதாவது நாம் நிற்கும் இடம். கண்ணாடிக்கு மேலே அழகான கையெழுத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறது: யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434.

இன்னும் கிட்டே போனால் சட்டம். கண்ணாடியைச் சுற்றிப் பத்து சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சிறியது. ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. அடியில் கெத்செமனே தோட்டத்து ஜெபம். அங்கிருந்து கைது, பிலாத்துவின் முன் விசாரணை, கசையடி, சிலுவை சுமத்தல் என்று கணவன் நிற்கும் பக்கமாக ஏறி, உச்சியில் சிலுவை மரணம். பிறகு மனைவியின் பக்கமாகச் சிலுவையிலிருந்து இறக்குதல், அடக்கம், பாதாளத்தில் இறங்குதல், உயிர்ப்பு என்று கீழே வருகிறது. துக்கமெல்லாம் அவன் பக்கம், மரணமும் மீட்பும் அவள் பக்கம். அவள் அப்போது உயிரோடு இல்லை, இது நினைவு ஓவியம் என்று சிலர் வாதிடுவதற்கு இந்த ஏற்பாட்டையும் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே ஆணியில் ஒரு ஜெபமாலை தொங்குகிறது.

தந்தச் சிமிழில் மூடி செய்த வேலையை இங்கே சட்டம் செய்கிறது. ஒரு வீட்டின் அறை, அதன் மனிதர்கள், வாசலில் வந்த விருந்தாளிகள், எல்லாரும் அந்தப் பத்து வட்டங்களுக்கு நடுவில்தான் தெரிகிறார்கள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும் யாரும் முதலில் பாடுகளைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். எந்தப் பிரசங்கியும் இதை இவ்வளவு சத்தமில்லாமல் சொன்னதில்லை.

வெறும் வட்டக் குழி

1507இல் வெனிஸ் அருகே முரானோவின் டால் காலோ சகோதரர்கள் தெளிவான தட்டைக் கண்ணாடி செய்யும் தங்கள் முறைக்கு அரசிடம் 20 ஆண்டு உரிமை பெற்றார்கள். அதற்குப் பிறகு கண்ணாடி பெரிதானது, தட்டையானது, சுவரேறியது. சட்டங்கள் அப்போதும் அழகாகத்தான் இருந்தன, பொன் பூசி, சுருள் சுருளாக. ஆனால் முகம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் கதை சொல்லும் வேலை சட்டத்திடமிருந்து போய்விட்டது என்று எனக்குப் படுகிறது.

தந்தச் சிமிழ்களைப் பார்க்க ஆசை வந்தால் லூவ்ர், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், பால்டிமோரின் வால்டர்ஸ் ஆகியவற்றின் இணையதளங்களில் பெரிய படங்கள் கிடைக்கின்றன. முதலில் மூலைகளில் இருக்கும் விலங்குகளைத் தேடுங்கள், சில உடைந்துபோயிருக்கும். பிறகு பூவளையம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒற்றை வட்டுதான் மிஞ்சியிருக்கும், ஜோடி எங்கோ பிரிந்துபோயிருக்கும். பின்பக்கப் படம் கொடுத்திருந்தால் அதையும் திறந்து பாருங்கள். உலோகத் தகடு இருக்காது. வழவழப்பான ஒரு வட்டக் குழி, அதன் விளிம்பில் திருகி மூடியதற்கான வெட்டு, நடுவில் தந்தத்தின் மெல்லிய ரேகைகள்.